தோழியின் கூற்று

காதல் என்னும் உணர்ச்சி மனிதகுலம் முழுவதற்கும் பொதுவானதா, அல்லது ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு நூற்றாண்டில் தோன்றி ஏனைய தேசங்களுக்குப் பரவிய ஒரு நூதனமான மனப்பழக்கமா என்னும் வினாவை ஐரோப்பியப் பண்டிதர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வந்திருக்கின்றனர். 1883-ஆம் ஆண்டில் கஸ்தோன் பாரி என்னும் பிரெஞ்சு அறிஞர், மத்தியகாலத்துக் கதைப்பாடல் ஒன்றை ஆராயப் புகுந்தவிடத்து, பிரபுக்களின் அவைகளில் போற்றப்பட்ட ஒருவகைப் பிரேமைக்கு அரசவைக் காதல் என்று பெயரிட்டார். அப்பெயரே பின்னர் ஓர் ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தது. 1936-இல் சி. எஸ். லூயிஸ், இவ்வுணர்ச்சி பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் தென்பிரான்சுப் பாணர்களின் பாடல்களில் திடீரெனப் பிறந்தது என்றும், அதற்கு முன்னர் இருந்தது வேறு என்றும் உறுதிபடக் கூறினார். மூன்று ஆண்டுகள் கழித்து டெனி தெ ரூழ்மோன் என்னும் சுவிட்சர்லாந்து எழுத்தாளர், மேலைநாட்டுக் காதல் தடையை நாடி வாழ்வது, தடை நீங்கினால் தானும் நீங்குவது, ஆதலால் விவாகத்துக்குப் பகையானது என்றொரு பெருநூல் எழுதினார்.

குறுந்தொகையையும் நற்றிணையையும் அகநானூற்றையும் பயின்ற ஒருவர் இவ்வாதத்தைக் கேட்டால் அதனை உடனே மறுக்கத் துணிவது இயல்பே. சங்கத் தொகைகளிலும் பாட்டுகளிலும் இன்று நமக்குக் கிடைத்துள்ள 2381 செய்யுட்களில் 1862 அகத்திணைக்கு உரியவை என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பழையவை அப்பிரெஞ்சுப் பாணர்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை. மானிடவியலாரும் பிற்காலத்தில் நம் பக்கமே சாட்சி சொன்னார்கள். 1992-இல் வில்லியம் ஜான்கோவியாக், எட்வர்ட் ஃபிஷர் என்னும் இருவர், உலகின் பல பாகங்களிலிருந்து 166 சமூகங்களைத் தெரிந்து ஆராய்ந்து, அவற்றுள் 147-இல் காதலுக்கு ஐயமற்ற சான்று உண்டு என்று கண்டனர். எவற்றைச் சான்றாகக் கொண்டனர் என்பதுதான் தமிழருக்குச் சுவையான செய்தி: ஏக்கத்தை வாய்விட்டுரைத்தல், காதற் பாட்டுக்கள், பெற்றோர் அறியாமல் இருவரும் உடன்போதல் முதலியவை அவர்கள் தேடிய அடையாளங்கள். நம் இலக்கணத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனித் துறையாக வகுக்கப்பட்டிருப்பதை அவர்கள் அறிந்திருந்தால் அவர்களுடைய வேலை பாதி குறைந்திருக்கும்.

ஆயினும், ‘நாமே முந்தியவர்’ என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுவது நம் நூல்களுக்கு நாம் செய்யும் நியாயமன்று என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். காதலைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சி எதனைக் காணாமல் விட்டதோ அதனைத் தமிழ் அகப்பொருள் மரபு கண்டிருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுவதே நம் கடமை. மேலும் அம்மரபே காணாமல் விட்டதொன்றும் உண்டு. அது மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரை நேராகத் தொடுகின்ற விஷயம்.

இன்றைய உளநூலார் காதலை எவ்வாறு ஆராய்கின்றனர் என்று முதலில் பார்ப்போம். ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் 1986-இல் வெளியிட்ட கொள்கை, நெருக்கம், வேட்கை, பிணைந்து நிற்கும் உறுதி என்னும் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக வைத்து, இம்மூன்றின் கூட்டமும் குறைவுமே காதலின் வகைகள் என்கிறது. அடுத்த ஆண்டே ஹேசனும் ஷேவரும், குழந்தைப் பருவத்தில் தாயிடம் கொண்ட பற்றின் இயல்பே வளர்ந்தபின் துணையிடம் கொள்ளும் பற்றிலும் வெளிப்படுகிறது என்று காட்ட முயன்றனர். 2005-இல் ஹெலன் ஃபிஷரும் அவருடன் சேர்ந்தோரும், தீவிரக் காதலில் இருந்த பதினேழு பேருடைய மூளையைப் படம்பிடித்து, காதலியின் அல்லது காதலனின் முகத்தைக் காணும்போது மூளையின் எப்பகுதி தூண்டப்படுகிறது என்று ஆராய்ந்தனர். இவை யாவும் பயனுள்ள ஆராய்ச்சிகளே. இவற்றை இகழ்ந்து பேசுவது அறிவுடைமையாகாது. ஆனால் இவற்றின் அரங்கில் நிற்பவர் இருவரே. மூன்றாமவர் ஒருவரும் இல்லை.

சமூகவியலாரோ எதிர்த்திசையில் சென்றனர். வில்லியம் குட் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், காதல் எங்கும் தோன்றக்கூடியது, தோன்றினால் குலத்தையும் சொத்தையும் கலைத்துவிடக்கூடியது, ஆகவே ஒவ்வொரு சமூகமும் அதனை அடக்கியாள ஏதேனும் ஓர் உபாயத்தை வைத்திருக்கிறது என்றார். பால்ய விவாகம், இன்னாரை மணக்கலாம் என்ற முறை வரையறை, இளையோரைப் பிரித்து வைத்தல், கண்காணித்தல் ஆகியன அவர் கூறிய உபாயங்கள். லூயி துமோன் 1953-இல் திராவிட உறவுமுறைச் சொற்களை ஆராய்ந்து, மாமன், அத்தை, மைத்துனன் என்னும் சொற்களுக்குள்ளேயே விவாக விதி பொதிந்திருக்கிறது என்று விளக்கினார். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் யார் என்பதைத் தாய்மொழியோடு சேர்த்துக் கற்ற நமக்கு இது புதிதன்று. இவர்களுடைய ஆராய்ச்சியில் நாம் கேட்கும் குரல் குடும்பத் தலைவனின் குரல், அதாவது தந்தையின் குரல்.

இனித் தொல்காப்பியர் அமைத்த அரங்கைப் பார்க்க வேண்டும். களவொழுக்கத்தில் பேசுவதற்கு உரியவர் யார் யார் என்று செய்யுளியலில் அவர் வரையறுக்கின்றார்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர். கற்பிலோ பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய மேலும் அறுவர் சேர்ந்து பன்னிருவராவர். இதனினும் வியப்பானது, பேசுவதற்கு உரியரல்லாதோர் யார் என்றும் அவர் சொல்லியிருப்பது. ஊராரும், அயலாரும், சேரியாரும், தலைவியின் தந்தையும், அவளுடைய தமையன்மாரும் அகப்பாட்டில் நேராகப் பேசுதல் இல்லை. அவர்கள் இன்னது சொன்னார்கள் என்று பிறர் எடுத்து மொழியலாமேயன்றி அவர்களுக்கெனக் கூற்று இல்லை. வீட்டில் எவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாதோ, மகளை இன்னானுக்குக் கொடுப்பேன் என்றும் கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லும் அதிகாரம் எவனுக்கு உண்டோ, அவனுடைய வாய் அகத்திணையில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதிகாரம் ஒன்றுமில்லாத, செவிலியின் மகளாகிய தோழிக்கோ பக்கம் பக்கமாகப் பேச இடம் தரப்பட்டிருக்கிறது. இதனை ஒரு செய்யுள் மரபு என்று மட்டும் கருதி மேற்செல்வது போதாது. காதலை அறிய விரும்புகிறவன் யாரைக் கேட்க வேண்டும் என்னும் வினாவுக்கு ஒரு பண்டைச் சாஸ்திரம் ஆழ்ந்து சிந்தித்துத் தந்த விடை அது.

தோழியின் தொழில்களுள் தலையாயது அறத்தொடு நிற்றல். தலைவி உடல் மெலிகிறாள். தாய் காரணம் அறியாது வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். அல்லது அயலார் மணம் பேச வருகிறார்கள். அல்லது ஊரில் அலர் எழுகிறது. மறைத்து வைத்த செய்தி இனி மறைக்கப்பட்டால் தலைவியின் உயிர்க்கே கேடு என்னும் நிலையில், தோழி அதனைத் தன் தாயாகிய செவிலிக்குச் சொல்கிறாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துகிறாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பால் புலப்படுத்துகிறாள். ஓர் இரகசியம் வீட்டுக்குள்ளே படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சொல்லப்படும் முறை மாறி, கடைசியில் அதிகாரமுடையவனின் செவியைச் சென்றடையும் இந்த ஏற்பாட்டை உரையாசிரியர்கள் மிக நுட்பமாக விளக்கிச் செல்வார்கள். களவு கற்பாக மாறுவது இந்தப் படிகளில்தான்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளாலானது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பட்டது என்று பழைய குறிப்பு கூறும். அப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர் வருவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அம்மலர்கள் யார் வாயில், எதற்காக எண்ணப்படுகின்றன என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பாட்டு முழுவதும் தோழி செவிலிக்குக் கூறுவது. வைத்தியம் பலிக்காமல் தெய்வங்களை வேண்டி அலையும் செவிலியின் முன் அவள் நின்று, ‘சினவாமல் கேள்’ என்ற பாவனையில் தொடங்கி, தினைப்புனத்தில் கிளி கடிந்தது, அருவியில் ஆடியது, பூப்பறித்துப் பாறைமேல் குவித்தது, தழை உடுத்து அசோகின் நிழலில் இருந்தது, அங்கே வேட்டை நாய்களோடு ஒருவன் வந்தது, நாய்கள் சூழ்ந்துகொள்ளத் தாங்கள் நடுங்கியது, பின்னர் மதங்கொண்ட யானை ஒன்று வர அவன் அம்பெய்து அதனைத் துரத்தியது, அவன் மலையுறையும் கடவுளைச் சுட்டி அருவிநீரைப் பருகிச் சூளுரைத்தது என்று ஒன்றையும் விடாமல் கூறுகிறாள். அத்தனை மலர்களையும் அவள் ஏன் எண்ணிச் சொல்ல வேண்டும்? செவிலியின் கோபம் ஆறும்வரை காலத்தை நீட்டுகிறாள். தாங்கள் அங்கே சென்றது பூப்பறிக்கவேயன்றி வேறெதற்கும் அன்று என்று மலர்களையே சாட்சியாக நிறுத்துகிறாள். கதையின் மிக இக்கட்டான இடத்துக்கு வருமுன் கேட்பவளின் மனத்தை மலைச்சாரலின் குளிர்ச்சியில் அமர்த்துகிறாள். இத்தனைக்கும் முதலில் தலைவி தன் துயரைத் தோழியிடம் கூறி, உண்மையைத் தாய்க்குச் சொல்லுதல் குற்றமாகாது என்று இசைவு தந்திருக்கிறாள். தலைவியின் இசைவு இன்றித் தோழி வாய்திறப்பதில்லை. செவிலி என்ன மறுமொழி சொன்னாள் என்பது பாட்டில் இல்லை. வழக்காடும் திறனை இதைவிடச் சிறப்பாகக் காட்டிய செய்யுள் ஒன்றை நான் படித்ததில்லை.

அகத்திணையை இருபதாம் நூற்றாண்டின் கல்விச்சாலைகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் இருவர் கடல்கடந்த தமிழரின் வாழ்வோடு தொடர்புடையவர்கள் என்பதை மலேசியத் தமிழர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வ. சுப. மாணிக்கம் சிறுவயதில் இரங்கூனுக்குச் சென்று செட்டியார் ஒருவரின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர்; முதலாளி சொன்ன பொய்யைத் தாம் சொல்ல மறுத்து அவ்வேலையை இழந்தவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழர் காதற்கோட்பாட்டை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, 1962-இல் ‘தமிழ்க் காதல்’ என்னும் நூலை வெளியிட்டார். யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913-இல் பிறந்த தனிநாயக அடிகளோ 1961 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக விளங்கியவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை அந்நகரிலேயே நடத்தியவர். துறவுபூண்ட கத்தோலிக்கக் குருவாகிய அவர் சங்கக் காதற் பாட்டுக்களின் இயற்கைப் பின்னணியை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். மாநாட்டுக்கு அடுத்த ஆண்டில் ஏ. கே. இராமானுஜன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பின்னர், ஐந்திணை உலகப் பிரசித்தி அடைந்தது. மலையும் கடலும், புன்னையும் குறிஞ்சியும், நாரையும் யானையும் மேலைநாட்டு வாசகர்களின் கண்முன் நின்றன. முதற்பொருளும் கருப்பொருளும் பெற்ற இந்தக் கவனம் கூற்றுக்குரிய மாந்தருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். நிலத்தைக் கண்டு மகிழ்ந்த ஆராய்ச்சியாளர்களுள் பலர், அந்நிலத்தில் நின்று பேசியவளை ஓர் இலக்கிய உத்தியாகவே கொண்டு மேற்சென்றனர்.

மார்கரெட் ட்ராவிக் என்னும் அமெரிக்க மானிடவியலார் மட்டும் இதனை ஓரளவு உணர்ந்தார் என்று சொல்லலாம். அவர் தமிழ்நாட்டுக்குச் சென்று, மாணிக்கவாசகரின் 400 செய்யுட்களாலான திருக்கோவையாரைத் தமிழறிஞர் ஒருவரிடம் பாடங்கேட்டார். பாடத்தைவிடப் பாடஞ்சொன்னவரின் கூட்டுக்குடும்பம் அவர் மனத்தைக் கவர்ந்தது. 1990-இல் வெளிவந்த அவருடைய நூலில், தமிழ்க்குடும்பத்தில் அன்பு நேராகச் சொல்லப்படாமல் மறைத்தே வைக்கப்படுகிறது, பெற்ற தாயும் தன் குழந்தையை அன்பு ததும்ப உற்று நோக்குவதில்லை, பிறர் வழியாகவும் பிற செயல்கள் வழியாகவுமே அன்பு இடம் மாறுகிறது என்று எழுதினார். தோழிக்கு இலக்கியத்தில் உள்ள இடத்தை வாழ்வில் எங்கே தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

இனி அம்மரபின் குறையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொல்காப்பியர் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகள் பத்து என்று கூறும்போது பிறப்பையும் குடிமையையும் முதலில் வைக்கின்றார். அதற்கும் மேலாக, அடியோரும் பிறர்க்கு வினைசெய்து வாழ்வோரும் அன்பின் ஐந்திணைக்கு உரியரல்லர். அவர்களை அதற்குப் புறமான கைக்கிளையிலும் பெருந்திணையிலும் வைத்துப் பாடினால் தடையில்லை என்பது அவர் சூத்திரம். கலித்தொகையில் அரண்மனைப் பணியாளராகிய கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் ஒருவரையொருவர் இகழ்ந்தும் விழைந்தும் பேசிக்கொள்ளும் செய்யுள் ஒன்றுண்டு. உயிர்த்துடிப்புள்ள அச்செய்யுள் நகைப்புக்குரியதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த இலக்கணத்தின்படி, கூலிக்கு ஒப்பந்தமாகிக் கப்பலேறி வந்து ரப்பர் மரம் வெட்டிய நம் பாட்டனும் பாட்டியும் அகத்திணைத் தலைமக்களாக முடியாது. அவர்களுடைய அன்பு தலைமுறைக் கணக்கில் நடந்தேறியும் ஆராய்ச்சியாளரின் ஏட்டில் ஏறாமல் போனதற்கு, நம் மனத்தில் ஊறிப்போன இந்தப் பழைய எல்லைக்கோடும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மலாக்காவுக்கு ரப்பர் வந்த சரித்திரம் பலர் அறிந்ததே. 1896-இல் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென ரப்பர் பயிரிட்டார். அதன்பின் புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு தோட்டமாயிற்று. அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து, முதலில் ஒப்பந்த முறையிலும் பின்னர் கங்காணி முறையிலும் வந்தனர். கடற்பயணம் பெண்ணோடு செல்வதற்கு உரியதன்று என்று தொல்காப்பியத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியை ஒருநாளும் கேள்விப்படாத மக்களிடையே அது ஏறக்குறைய அப்படியே நடந்தது. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் போதுகூட மலாயாவில் இந்திய ஆண்கள் இருவருக்குப் பெண் ஒருத்தி என்ற விகிதமே இருந்தது. பொருள்வயிற் பிரிந்தவனுடைய பாலைத்திணை ஊரிலிருந்த மனைவியின் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் ஒலித்தது. அவன் வந்து சேர்ந்த இடத்திலோ, பெண்கள் அருகியிருந்தமையால் விவாகங்கள் தடுமாறின, முறைகள் குழம்பின, பொறாமையும் வழக்கும் மிகுந்தன.

துமோன் விவரித்த உறவுமுறை இங்கே வந்தபோது அதற்கு வேர் இல்லை. தாய்மாமன் ஊரில் இருந்தான். அத்தை மகள் வேறொரு தோட்டத்தில், ஒருவேளை வேறொரு தேசத்தில் இருந்தாள். ஆகவே தோட்டத்து மக்கள் முறையைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஒரே லயத்தில் குடியிருந்தவன் அண்ணன், பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவன் மாமன், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவி எல்லோருக்கும் பாட்டி. வைகறையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, வெட்டுக்குப் போய், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை ஆணும் பெண்ணும் ஒரே காட்டில் வேலை செய்தனர். இளையோரைப் பிரித்துவைத்தல் என்று குட் கூறிய உபாயம் அங்கே செல்லாது. கண்காணித்தல் ஒன்றே செல்லும். கங்காணியின் கண்ணும், மண்டோரின் கண்ணும், லயத்துத் திண்ணைகளின் கண்ணும் அதைச் செய்தன.

அந்தக் கண்களுக்கிடையே செய்தியைக் கொண்டுசென்றவள் யார்? அடுத்த நிரையில் வெட்டிய கூட்டாளி. தண்ணீர்க் குழாயடியில் சேர்ந்து நின்ற பக்கத்து வீட்டு அண்ணி. தீமிதித் திருவிழாவுக்கு வேறு தோட்டத்திலிருந்து வந்து மூன்று நாள் தங்கிய சின்னம்மா. விஷயம் முற்றி, பெண் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டால், அவளைப் பெற்றவரிடம் முதலில் வந்து பேசியவளும், பின்னர் கோயில் தலைவரும் கங்காணியும் கூடிய பஞ்சாயத்தில் முன்னின்றவளும் பெரும்பாலும் இவர்களுள் ஒருத்தியே. ‘சின்னஞ்சிறுசுங்க, தெரியாம செஞ்சிடுச்சிங்க, நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும் பெரியப்பா’ என்று தொடங்குகிற அந்தப் பேச்சை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதில் மலர்களின் பட்டியல் இல்லை. ஆனால் சினம் ஆறும்வரை காலத்தை நீட்டும் திறனும், பையனின் நல்ல குணத்துக்கு ஒவ்வொரு சாட்சியாக எடுத்து வைக்கும் திறனும், குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பெண்ணைக் காக்கும் திறனும் உண்டு. அறத்தொடு நிற்றல் என்ற பெயரை அவள் அறியமாட்டாள். இலக்கணம் புறத்தே தள்ளிய மக்களிடத்தில் அவ்விலக்கணத்தின் மிகச் சிறந்த பகுதி உயிரோடு வாழ்ந்தது.

கடல் கடந்து வந்த தமிழன் பெண்ணின்றி வந்ததற்கு மலாக்காவில் இன்னும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. மலாக்கா சுல்தான்களின் காலத்திலே வாணிகத்துக்கு வந்த தமிழ் வணிகர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்ததால் தோன்றிய மலாக்காச் செட்டிகள், காஜா பெராங் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். வீட்டில் பேசுவது மலாய், உடையிலும் உணவிலும் இந்நாட்டு வழக்கு, வழிபாடு மட்டும் சைவம். அவர்களுடைய ஶ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781-இல் எழுந்தது. மொழி மாறிய பின்னும் சமயம் நிலைத்தது எவ்வாறு, வேற்றினத்துப் பெண்கள் அச்சமயச் சடங்குகளைக் கற்றுத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது எவ்வாறு என்பதெல்லாம் காதலாராய்ச்சிக்கு உரிய விஷயங்களே.

எழுத்திலே காதல் புகுந்த சரித்திரமும் சிறிது உண்டு. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கருதப்படுவது வெங்கடரத்தினம் என்பவர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. இந்நாட்டுத் தமிழர் எழுதிய முதல் நெடுங்கதையின் தலைப்பிலேயே காதல் இருப்பது கவனிக்கத்தக்கது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்ததும், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழும் விவாகத்தைப் பற்றிய சிந்தனையை மக்களிடையே பரப்பின. சாதி பாராது, புரோகிதரின்றி, ஆணும் பெண்ணும் தம் விருப்பத்தால் மணந்துகொள்ளலாம் என்னும் கருத்து மேடைகளில் பேசப்பட்டது. சாரங்கபாணியே சீனப் பெண்மணி ஒருவரை மணந்து தாம் சொன்னதைச் செய்து காட்டினார்.

பொய்யும் பிழையும் உலகில் தோன்றிய பின்னரே சான்றோர் விவாகத்துக்குக் கரணம் வகுத்தனர் என்பது தொல்காப்பியர் கூறும் காரணம். ஒருவன் சூளுரைத்து அருவிநீர் குடித்தால் போதும் என்றிருந்த காலம் போய், அவன் சொல் தவறினால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வி எழுந்த காலத்தில் சாட்சி வேண்டியதாயிற்று. மலேசியாவில் முஸ்லிமல்லாதாரின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததும் ஏறத்தாழ இதே காரணத்தால்தான். ஊரில் ஒருத்தியும் தோட்டத்தில் ஒருத்தியுமாக வாழ்ந்தவர்களால் தாலியைத் தவிர வேறு ஆதாரமின்றி நின்ற பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தோட்டத்து முதியோர் அறிவார்கள். அச்சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்று விதித்தது, பதிவைக் கட்டாயமாக்கியது, மணக்கும் எண்ணத்தை முன்னரே அறிவித்து, அந்த அறிவிப்பு இருபத்தொரு நாள் ஊரறிய இருக்க வேண்டும் என்றது, நம்பத்தகுந்த சாட்சிகள் இருவரேனும் உடனிருக்க வேண்டும் என்றது, மணமகனோ மணமகளோ இருபத்தொரு வயது நிரம்பாதவரானால் தந்தையின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்றது. அகத்திணை தந்தையின் வாயை அடைத்தது; சட்டமோ அவன் கையெழுத்தைக் கேட்கிறது. அலர் என்று தோழி அஞ்சியதை அறிவிப்புப் பலகையாக்கி, ஆட்சேபம் உடையவர் வந்து சொல்லலாம் என்று சட்டம் அழைக்கிறது. இருப்பினும் இருவர் மட்டும் கூடினால் விவாகம் ஆகாது, பக்கத்தில் நின்று ‘நான் கண்டேன்’ என்று கையொப்பமிட மூன்றாமவரும் நான்காமவரும் வேண்டும் என்பதில் தொல்காப்பியரும் நாடாளுமன்றமும் ஒத்துப்போகின்றனர். உளநூலாரின் முக்கோணத்தில் அவர்களுக்கு இடமில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், அங்கிருந்த குடும்பங்கள் நகரை அடுத்த தாமான்களில் வந்து குடியேறின. நான் வாழும் புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகம் இருப்பதால், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த மாணவர்கள் அடுக்குவீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் படிக்கின்றனர். அவர்களிடையே அரும்பும் காதலைப் பார்த்து, பெற்றோர் கண்ணுக்கு அப்பால் சென்றுவிட்ட இருவரின் சொந்த விஷயம் இது என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்வது தவறு என்பதைச் சற்றே கூர்ந்து பார்ப்பவர் உணர்வர். வீட்டில் எப்போது சொல்வது, அம்மாவிடம் முதலில் சொல்வதா அக்காவிடம் சொல்வதா, அக்கா சொன்னால் அப்பா கேட்பாரா, பையன் வேறு சாதி என்றால் எந்த மாமாவைப் பிடிப்பது என்று ஆலோசனை சொல்லும் ஒரு தோழி அவர்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கிறாள். அவள் கையில் கைத்தொலைபேசி இருப்பது ஒன்றே புதுமை. இக்காலத்தில் சாதி என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்லக் கூசும் குடும்பங்களிலும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியவுடன் அது பின்வாசல் வழியாக வந்து அமர்ந்துகொள்வதை நாம் காண்கிறோம். அந்த இடத்தில் தோழியின் சாமர்த்தியம் சில வேளைகளில் வெல்கிறது, பல வேளைகளில் தோற்கிறது. தோற்றவற்றின் கதை எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே மலேசியப் பல்கலைக்கழகங்களில் தமிழும் சமூகவியலும் பயிலும் மாணவர்களுக்கு ஓர் ஆராய்ச்சித் துறை திறந்தே கிடக்கிறது என்று சொல்வேன். காதலித்து மணந்தோரைப் பேட்டி காண்பதும், பெற்றோரின் அபிப்பிராயத்தை வினாத்தாளில் திரட்டுவதும் நடந்து வருகின்றன; நடக்கட்டும். அவற்றோடு, ஆசகானிலும் ஜாசினிலும் காடேக்கிலும் வாழ்ந்து இப்போது பிள்ளைகள் வீட்டில் முதுமையைக் கழிக்கும் பெண்களிடம் சென்று, அவர்கள் மணந்த கதையைக் கேட்பதோடு அமையாமல், அவர்கள் யாருக்காகப் பேசப் போனார்கள், யாரிடம் முதலில் வாய்திறந்தார்கள், என்ன சொல்லி ஆரம்பித்தார்கள், எந்த உண்மையைச் சொன்னார்கள், எதனை மறைத்தார்கள், பேச்சு முறிந்த பின் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, பேசப் போனவளுக்கு அதனால் நேர்ந்த பகை எத்தனை ஆண்டு நீடித்தது என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெரட்டுக்களத்தையும் ஆயாக் கொட்டகையையும் கண்ட தலைமுறையினருள் பலர் இன்று முதுமை எய்தியவர்கள். ஆதலால் இப்பணியை அடுத்த பட்டத்துக்கும் அடுத்த மானியத்துக்கும் ஒத்திவைக்க இயலாது. ஒலிப்பதிவுக் கருவியோடு செல்பவர் உறவுமுறை வைத்து அழைக்கத் தெரிந்தவராகவும், முடிந்தால் பெண்ணாகவும் இருப்பது நல்லது. ஏனெனில் இவ்விஷயங்களைப் பெரியம்மா என்று அழைத்துப் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் ஒருத்தியிடம் சொல்வதுபோல் அவர்கள் வேறு எவரிடமும் சொல்லமாட்டார்கள்.